ஐந்து மணிக்குள் ஒரு தடவை

பாய்லர்க்காரரைப் போல அளக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால், பிறக்கும்போது எத்தனை கிலோ என்று இவர்தான் போய் எழுதி வைத்திருப்பார். சூரியன் காலையில் எழுந்ததும் இவர் ஜன்னலைத் தட்டி, “இன்னைக்கு எவ்வளவு சூடு போகலாம்ணே?” என்று கேட்டுக்கொண்டுதான் மேலே ஏறும். காய்ச்சல் என்ற பெயருள்ள எதுவும் இவர் சட்டைப்பையில் பேனா தெரிந்தால் தானாக ஒரு புள்ளி இறங்கிக் கைகட்டி நிற்கும்.

கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிவிட்டது. ஆனால் இதை எழுதுகிறவள் அவருடைய மூத்த மகள். பெற்ற பெண் பீற்றாமல் பக்கத்து வீட்டுக்காரியா வந்து பீற்றுவாள்? இந்தக் கதையில் அவளைப் பெரியவள் என்றே வைத்துக்கொள்வோம். ‘நான்’ என்று எழுதினால், அவர் திட்டுகிற இடம் வரும்போதெல்லாம் காது சுடுகிறது.

பாய்லர்க்காரருக்கு வேலை ஒரு பெரிய சலவை ஆலையில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அங்கே வெந்து, துவைந்து, மடிந்து வெளியேறும். எல்லாவற்றுக்கும் நீராவி கொடுப்பது கட்டடத்தின் பின்பக்கம் தனி அறையில் நிற்கிற பாய்லர். இருபத்திரண்டு வருடமாக அதன் எதிரே ஒரு இரும்பு ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து, நீராவியின் அழுத்தம் எவ்வளவு, புகைபோக்கியில் சூடு எவ்வளவு, பக்கத்தில் நிற்கிற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் எங்கே என்று பார்த்து நீள நோட்டில் எழுதுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கட்டமும் காலியாக விட்டதில்லை.

வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. தொட்டி நிறைய எத்தனை நிமிடம், கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, எல்லாவற்றுக்கும் ஒரு தாள், நாலு கட்டம். பெரியவள் குளியலறையில் எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்றுகூட ஒரு வாரம் எழுதிக் கதவில் ஒட்டினார். எட்டாம் நாள் அதே தாளில், “அப்பா, கழிப்பறை, நாற்பத்தொரு நிமிடம், செய்தித்தாளுடன்” என்று யாரோ எழுதிவிட்டார்கள். யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பெரியவளின் அம்மா, தன் தங்கையின் பிரசவத்துக்காக நாலு மணி நேரத் தொலைவில் இருக்கிற ஊருக்குக் கிளம்பினாள். மூன்று நாள் தங்கல். வாசலில் நின்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனபோது, பாய்லர்க்காரர் கையை உதறினார்.

“போயிட்டு வா. மூணு நாள்ல என்ன ஆயிடப் போகுது?”

நோய்களுக்குக் காது ரொம்பக் கூர்மை. புதன்கிழமை சாயங்காலம் சின்னவன் வாந்தி எடுத்தான்.

சின்னவனுக்கு நாலு வயது. சுண்டெலி என்பது பெரியவள் வைத்த பெயர். எதையாவது கொறித்துக்கொண்டேதான் வீட்டைச் சுற்றுவான். அன்றைக்குக் கொறிக்கவில்லை. வாந்தி, பின்னாலேயே வயிற்றுப்போக்கு, அதன் பின்னாலேயே காய்ச்சல். இரவு வேலைக்குப் போகவேண்டிய பாய்லர்க்காரர், மாற்று ஆளுக்குப் போன் செய்துவிட்டு ஒரு புது நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். நேரம், சூடு, மருந்து, குறிப்பு. நாலு கட்டம்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த நோட்டில் இருபத்தாறு வரி இருந்தது. முந்தின இரவு பாய்லர் முன்னால் முழித்தவர், இந்த இரவு பிள்ளை முன்னால் முழித்திருந்தார். கண் இரண்டும் ஆலை அடுப்புப் போலச் சிவந்து கிடந்தன.

“வேணாம்ப்பா. குச்சி வேணாம்.” சுண்டெலி கையை உடம்போடு ஒட்டிக்கொண்டான். தெர்மாமீட்டருக்கு அவன் வைத்த பெயர் குச்சி.

“கொஞ்சம் பொறுடா குட்டி. பீப் வந்ததும் எடுத்துடறேன்.”

“இப்பத்தானே வெச்சீங்க!”

“அது எட்டரை மணிக்கு. இது ஒன்பது மணிக்கு.”

நாலு வயதுக்காரனிடம் இந்த நியாயம் எடுபடவில்லை. பீப் வந்தது. செல்சியஸ் கணக்கில் முப்பத்தொன்பது. எழுதினார். எழுதியதும் மனசுக்கு ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தார். ஆலையில் அப்படித்தான் வரும். வரவில்லை. எண்ணைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். ஆலையில் எண் ஏறினால் எதையாவது திருகலாம், மூடலாம், திறக்கலாம். இங்கே திருகுவதற்கு எதுவுமே இல்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

போன் அடித்தது. அம்மா.

“எப்படி இருக்கான்?”

“முப்பத்தொன்பது.”

“அதை வெச்சு நான் என்ன பண்றது? எப்படி இருக்கான்னு கேட்டேன்.”

“அதானே சொல்றேன். ராத்திரி ரெண்டு மணிக்கு முப்பத்தெட்டு புள்ளி ஆறு, ரெண்டரைக்கு—”

“என்னங்க, நான் என்ன உங்க முதலாளியா? சிரிச்சானா, பேசினானா, வயித்துல ஏதாவது இறங்குச்சா?”

“இறங்கறதெல்லாம் ஏறி வந்துடுது.”

“நான் கிளம்பி வரவா?”

“இங்க நான் இருக்கேன்ல? உன் தங்கச்சியைப் பாரு,” என்று வைத்தார். வைத்த பிறகு, வரச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. அதைக் கேட்டு மறுபடி போன் செய்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

அடுத்தது மாடி வீட்டு அக்கா. முழங்கால் வலி என்று தன் வீட்டுக் குப்பையைக்கூடப் பெரியவளிடம் கொடுத்தனுப்புகிறவள், அடுத்த வீட்டு நோய் என்றால் இரண்டிரண்டு படியாக இறங்கிவிடுவாள். ஒரு கையில் தடித்த கம்பளி. இன்னொரு கையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

“நல்லாப் போத்தி விடு தம்பி. வேர்த்துக் கொட்டினா காய்ச்சல் தானா இறங்கும்.”

“அக்கா, சூடு வெளிய போகக்கூடாதுன்னுதான் நாங்க நீராவிக் குழாய்க்கே கம்பளி சுத்தறோம். போத்தினா இறங்காது, ஏறும்.”

“நீ குழாய் வளத்த. நான் நாலு பிள்ளை வளத்தேன்.”

அவள் மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தாள். “போன மாசம் என் பேரனுக்குத் தொண்டைக்குக் குடுத்தாங்க. அஞ்சு மீதி. பாதியா உடைச்சுக் குடு, கிருமி செத்துடும்.”

“யாருக்கோ குடுத்த மருந்தை இவனுக்குக் குடுக்கறதா? வேணாம்க்கா.”

“எல்லாக் கிருமியும் ஒரே கிருமிதான்.”

பாய்லர்க்காரரின் தாடை இறுகியது. இரண்டு நாள் தூக்கம் இல்லாதவர் வாயிலிருந்து என்ன வந்திருக்குமோ, அதற்குள் பெரியவள் குறுக்கே புகுந்தாள். “பெரியம்மா, கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. இது ஒட்டிக்குமாம். பெரியவங்களுக்கு வந்தா முதல்ல புருவம் கொட்டுமாம்.”

மாடி அக்கா புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். கம்பளியும் மாத்திரையும் அவளும் வந்ததைவிட வேகமாகப் படியேறிப் போனார்கள்.

“எதுக்குடி அந்தப் பொய்?” என்றார் பாய்லர்க்காரர்.

“உங்க சண்டையை விட என் பொய் சீக்கிரம் முடிஞ்சுதுல்ல?”

திட்ட வாயைத் திறந்தார். மறுபடி போன். ஆலையிலிருந்து மாற்று ஆள்; பகல் ஷிப்டும் அவன் தலையில்தான்.

“அண்ணே, அழுத்தம் ஏறிக்கிட்டே போகுதுண்ணே. முள்ளு சிவப்புக்குப் பக்கத்துல வந்துடுச்சு.”

“தண்ணி எங்க நிக்குது?”

“முள்ளு, அண்ணே—”

“முள்ளைச் சொல்லாதேடா! கண்ணாடிக் குழாயில தண்ணி எங்க நிக்குது? அழுத்தம் ஏறினா வால்வு தானே திறந்து ஊதித் தள்ளிடும். தண்ணி இறங்கினாத்தான் ஆபத்து. எத்தனை தடவை சொல்றது, முதல்ல தண்ணியைப் பாரு, அப்புறம் முள்ளைப் பாரு!”

“பாதிக்கு மேல இருக்குண்ணே.”

“அப்புறம் ஏன் உயிரை எடுக்கற? தீயைக் கொஞ்சம் குறை. ஒருவேளை தண்ணியே தெரியலைன்னா பதறிப் போய் ஒரேயடியாப் பச்சைத்தண்ணியை உள்ள அடிச்சிடாதே. காஞ்ச இரும்புல பட்டா அவ்வளவுதான், கூரையை மேகத்துல தேடணும். புரியுதா?”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். சுண்டெலி உதட்டை நக்கிக்கொண்டிருந்தான். “தண்ணி,” என்றான்.

மருந்துக்கடையில் வாங்கிய உப்புச் சர்க்கரைப் பொடியை அளவு தப்பாமல் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தார். அதில் பெரிய டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினார். “அப்படித்தான், மொத்தமாக் குடி. ஒரே மூச்சுல.” பிள்ளை தாகத்தில் மடமடவென்று குடித்தான். பாய்லர்க்காரர் முகத்தில் இருபத்தாறு வரிக்குப் பிறகு முதல் சிரிப்பு. அது மூன்று நிமிடம் இருந்தது. பிறகு டம்ளர் நிறையப் போனது டம்ளர் நிறையத் திரும்பி வந்தது, அவர் சட்டை மேல், மடி மேல், நோட்டின் மேல்.

“போதும். கிளம்பு, டாக்டர்கிட்டப் போவோம்,” என்றார்.

இரண்டு தெரு தள்ளிக் குழந்தைகள் மருத்துவமனை. சின்னக் கட்டடம்; ஒன்றோடொன்று திருகி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள்; சுற்றுவதை விடப் பேசுவதை அதிகமாகச் செய்கிற ஒரு மின்விசிறி. டோக்கன் முப்பத்துநாலு. உள்ளே போயிருப்பது பத்தொன்பது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சளி, ஒரு இருமல், ஒரு காதுவலி. ஒருவன் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

பாய்லர்க்காரர் மூன்றாவது தடவை எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

“சார், வரிசைப்படிதான்,” என்றாள் டோக்கன் கொடுக்கிறவள், தலையைத் தூக்காமல்.

“காய்ச்சலும் வரிசைப்படிதான் ஏறுமா?”

“எல்லாருக்கும் காய்ச்சல்தான் சார். காய்ச்சல் இல்லாதவங்க இங்க எதுக்கு வராங்க?”

திரும்பி வந்து உட்கார்ந்து, கோபத்துக்கு இரண்டு தடவை பிள்ளையின் சூட்டை அளந்தார். நோட்டில் வரி முப்பத்தொன்று ஆனது.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துவிட்டு மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். பாய்லர்க்காரர் நோட்டைப் பரீட்சைத் தாள் போல இரண்டு கையாலும் நீட்டினார். டாக்டர் அம்மா புரட்டிப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எங்க நர்ஸுங்ககூட இப்படி எழுத மாட்டாங்க. மருந்து அளவும் எடைக்குச் சரியா இருக்கு.”

பாய்லர்க்காரரின் முதுகு நிமிர்ந்தது.

“கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?”

நோட்டை வாங்கினார். முன்னால் புரட்டினார். பின்னால் புரட்டினார். முப்பத்தொரு வரியிலும் அது இல்லை.

“அதுக்கு… கட்டம் போடல,” என்றார்.

“எட்டே முக்காலுக்கு,” என்றாள் பெரியவள். “கொஞ்சூண்டு. நல்ல மஞ்சளா.”

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரில் மாட்டியிருந்த பல்வரிசைப் படத்தைப் பார்த்துக்கொண்டு, “நான்தான் கழுவி விட்டேன். நாத்தம் தாங்கல,” என்றாள்.

டாக்டர் அம்மா பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். நெஞ்சில் குழல் பட்டதும் அவன் அழுதான்.

“கண்ணீர் வருது. நல்லது. நாக்குதான் காய ஆரம்பிச்சிருக்கு. தண்ணி எப்படிக் குடுத்தீங்க?”

“ஒரு டம்ளர். மொத்தமா.”

“நின்னுச்சா?”

பாய்லர்க்காரர் சட்டையைக் காட்டினார்.

“நொந்து போன வயிறு அவ்வளவு தாங்காது. ஒரு ஸ்பூன். ரெண்டு நிமிஷம் விட்டு இன்னொரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி முதல் ஸ்பூன்லேருந்து. அவ்வளவுதான் வைத்தியம்.”

“ஊசி?”

“வேணாம்.”

“கிருமிக்கு மாத்திரை?”

“அந்த மாத்திரைக்கு அடங்கற கிருமி இல்ல இது. குடுத்தா வயிறு இன்னும் கெடும். தானாப் போயிடும், ரெண்டு மூணு நாள் ஆகும்.”

“அப்ப நான் என்னதான் செய்யறது?”

“ஸ்பூன்,” என்றார் டாக்டர் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, “தூங்கற பிள்ளையை எழுப்பிச் சூடு பாக்காதீங்க. ஆனா ஒண்ணு, அஞ்சு மணிக்குள்ள ஒரு தடவையாவது ஒண்ணுக்குப் போயிடணும். போகலைன்னாலும் சரி, துவண்டு போய்க் கூப்பிட்டாக் கண்ணைத் திறக்கலைன்னாலும் சரி, ரத்தமாப் போனாலும் சரி, இங்க வந்து டோக்கன் வாங்கிட்டு நிக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி. ஊசி குத்திக் குழாய் வழியாத் தண்ணி ஏத்துவாங்க,” என்றார்.

வெளியே வந்து பத்தடி நடந்ததும் பாய்லர்க்காரர் நடைபாதையில் நின்றுவிட்டார். தோளில் பிள்ளை. பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

“என்னப்பா?”

“கண்ணாடியைப் பாக்கல நான். முள்ளையே பாத்துட்டு நின்னிருக்கேன்.”

“எந்தக் கண்ணாடி?”

“தண்ணி இறங்கினது தெரியாம, பச்சைத்தண்ணியை வேற ஒரேயடியா அடிச்சிருக்கேன். காலைலதான் அந்தப் பையனை முட்டாளுன்னு திட்டற மாதிரித் திட்டினேன்.”

ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்லப் பெரியவளுக்கு நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் வீணாய்ப் போன நல்ல பதில்களில் அது ஒன்று.

வீட்டில் ஒரு மணிக்குத் தொடங்கினார்கள். பாய்லர்க்காரர் மடியில் பிள்ளை, கையில் டீ ஸ்பூன், பக்கத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல், எதிரே கடிகாரம். முதல் ஸ்பூன் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதுக்கு வாயை மூடிக்கொண்டான். கெஞ்சினார். கொஞ்சினார். ஸ்பூனை ரயிலாக்கினார், விமானமாக்கினார், கடைசியில் லாரியாக்கினார். லாரிக்கு வாய் திறந்தது. பதினான்காவது ஸ்பூனில் எல்லாம் வெளியே வந்தது.

பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. இத்தனைக்கும் வாழ்க்கை முழுக்க நிமிடத்தை எழுதியே சம்பளம் வாங்கியவர். எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். “இதெல்லாம் ஒரு வைத்தியமா? படிச்சுப் பட்டம் வாங்கிட்டு ஸ்பூன்னு சொல்றாங்க, ஸ்பூன்!” என்று அதைத் தரையில் வீசினார். அது அலமாரிக்கு அடியில் ஓடியது. குனிந்து எடுக்கப் போய்த் தலையில் இடித்துக்கொண்டார். பெரியவள் விளக்குமாற்றால் தள்ளி எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

இரண்டு மணிக்குச் சூடு அளந்தார். முப்பத்தொன்பது புள்ளி ஒன்று. குச்சியைப் பார்த்த கோபத்தில் சுண்டெலி அதற்கப்புறம் உதட்டைப் பூட்டிக்கொண்டான். லாரியும் வேலைக்காகவில்லை. பாய்லர்க்காரரின் தலை முன்னால் சரிந்து சரிந்து விழுந்தது.

“அப்பா, அது மூக்கு.”

“என்னது?”

“ஸ்பூனை மூக்குக்குக் கொண்டு போறீங்க. குடுங்க இங்க. போய்ப் படுங்க. நாலரைக்கு எழுப்பறேன்.”

“உன்னை நம்பியா?”

“மூக்குல ஊத்தறவரை நம்பறதுக்கு இது பரவாயில்ல.”

வேறு வழி இல்லை. ஆனாலும் நோட்டில் ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் புதிதாகப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார். ஒன்று ஸ்பூன். இன்னொன்று, தடித்த கோட்டுக்குள், ஒண்ணுக்கு.

“அரைமணிக்கு ஒரு தடவை சூடு. மறக்கக் கூடாது.”

“டாக்டர் வேணாம்னாங்களே.”

“தூங்கினா வேணாம்னாங்க. முழிச்சிருந்தா அளக்கணும்.”

“சரி சரி.”

“சரின்னு ஒரு தடவை சொன்னாப் போதும். ரெண்டு தடவை சொன்னா செய்யப் போறதில்லைன்னு அர்த்தம்.”

பக்கத்து அறையில், தலையணையைத் தேடக்கூடத் தெம்பில்லாமல், தரையில் விழுந்தார்.

கண் விழித்தபோது நாலு இருபது. யாரும் எழுப்பவில்லை. ஓடி வந்து பார்த்தார். பெரியவள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை, அரைக்கண்ணாக. நோட்டைப் பிடுங்கினார். இரண்டரை மணி, முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. மூன்று மணி, முப்பத்தெட்டு புள்ளி எட்டு. மூன்றரை, ஏழு. நாலு, ஆறு. இறங்கியிருக்கிறது. ஸ்பூன் கட்டத்தில் ‘குடுத்தேன்’ என்று ஒரே வார்த்தை நாலு தடவை. தடித்த கட்டத்தைப் பார்த்தார். காலி, காலி, காலி, காலி.

“ஒரு தடவைகூடவா போகல?”

“போனா எழுதியிருக்க மாட்டேனா?”

“ஒரு வேலை குடுத்தா—”

“அதுக்கு நான் என்னப்பா பண்றது? உங்க ஆலைத் துண்டு மாதிரி அவனை முறுக்கிப் பிழியவா?”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். நிற்க வைத்தார். குழாயைத் திறந்து விட்டார். ‘ஸ்ஸ்ஸ்’ என்றார். வாசலில் நின்று பெரியவளும் ‘ஸ்ஸ்ஸ்’ என்றாள். குழாயும் தன் பங்குக்கு ‘ஸ்ஸ்ஸ்’ என்றது. சுண்டெலி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ரெண்டு பேரும் வெளிய போங்க. பாத்தா வராது.”

வெளியே நின்றார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “வரலப்பா,” என்று களைத்த குரல்.

நாலு நாற்பது. பாய்லர்க்காரர் அலமாரியைத் திறந்தார். ஒரு பையில் மாற்றுத்துணி, மருந்துச் சீட்டு, போன் சார்ஜர், நோட்டு. வண்டிக்குச் சொன்னார். அம்மாவின் போன் அடித்தது, எடுக்கவில்லை. அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பைத் தேடி ஊசி குத்துவதைக் கண்ணுக்குள் பார்த்துவிட்டார். அதற்கு மேல் அவரிடம் எந்த எண்ணும் இல்லை. கீழே வண்டி ஹாரன் அடித்தது. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படி இறங்கினார். பெரியவள் பையோடு பின்னால்.

திருப்பத்துக்கு இரண்டு படி முன்னால் அவர் சட்டென்று நின்றார். பெரியவள் அவர் முதுகில் மோதிக்கொண்டாள்.

“என்னப்பா?”

கல்லாக நின்றார். அசைந்தால் நின்றுவிடுமோ என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். சட்டை வழியாக, கால்சட்டை வழியாக, செருப்பு வழியாகப் படியில் இறங்கி, கீழே அது தன் வழியைப் பார்த்துப் போனது.

“சாரிப்பா,” என்றான் சுண்டெலி அவர் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு.

“சாரியா? டேய், என் ராஜா! இன்னும் இருக்கா? இருந்தா இன்னும் போடா! மிச்சம் வெக்காதே!”

மேலேயிருந்து மாடி அக்கா எட்டிப் பார்த்தாள். “அட கண்றாவியே, படியெல்லாம்!”

“கழுவி விட்டுடறேன்க்கா, முதல்ல மணி என்னன்னு சொல்லுங்க!”

“நாலு அம்பது. ஏன், எந்த ரயிலுக்கு?”

வண்டிக்காரனைச் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அவன் சமாதானமாகாமல்தான் போனான். அம்மாவுக்குப் போன் செய்து, எந்த எண்ணும் சொல்லாமல், “ஒண்ணுக்குப் போயிட்டான். என் செருப்பு வரைக்கும்,” என்றார். அந்தப் பக்கம் புரிந்துகொண்டு அழுதது கேட்டது. திரும்பி வந்து பிள்ளையின் துணியை மாற்றிப் படுக்கையில் விட்டார்கள். அவன் தானாகவே, “லாரி ஸ்பூன் குடு,” என்று கேட்டு நாலு ஸ்பூன் குடித்துவிட்டு, ஒழுங்கான தூக்கமாகத் தூங்கினான்.

படியைக் கழுவி, குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு பாய்லர்க்காரர் நோட்டை எடுத்தார். தடித்த கட்டத்தில் நாலு ஐம்பது என்று எழுதினார். எழுதிய பேனா அங்கேயே நின்றது. மேலே இருந்த நாலு வரியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். தெர்மாமீட்டரை எடுத்துப் பொத்தானை அழுத்தி, அதையும் பார்த்தார்.

“பெரியவளே, இங்க வா.”

“என்னப்பா?”

“ரெண்டரைக்கு ஒன்பது. மூணுக்கு எட்டு. மூணரைக்கு ஏழு. நாலுக்கு ஆறு. இது காய்ச்சலா, மாடிப்படியா?”

“இறங்கிச்சு. எழுதினேன்.”

“எந்தச் சூடும் இப்படி வரிசைல நின்னு இறங்காது. ரெண்டு ஏறும், ஒண்ணு இறங்கும். நாலு வரியும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஒரே உட்கார்ல எழுதினது.” தெர்மாமீட்டரை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். “இந்தக் குச்சி கடைசியா அளந்ததை மறக்காம வெச்சிருக்கும். பொத்தானை அழுத்தினா முதல்ல அதைத்தான் காட்டும். என்ன காட்டுது?”

முப்பத்தொன்பது புள்ளி ஒன்று.

“நான் ரெண்டு மணிக்கு அளந்தது. அதுக்கப்புறம் இதை யாரும் தொடவே இல்ல.”

பெரியவளுக்கு எப்போதும் நாலு பதில் தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றுதான் வந்தது. “குச்சியைப் பாத்தா வாயை மூடிக்கறான்ப்பா. அளந்தா ஸ்பூன் இறங்காது. ரெண்டுல ஒண்ணுதான் முடிஞ்சுது.”

“அப்ப அளக்கலைன்னு காலியா விட்டிருக்கணும். காலிக் கட்டம் தப்பு இல்ல. பொய்க் கட்டத்தை நம்பி, இறங்கிடுச்சுன்னு நான் திரும்பிப் படுத்திருந்தா? ஆலையா இருந்தா இந்நேரம் உன்னை வெளிய அனுப்பியிருப்பேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நாலு எண்ணின் மேலும் ஒரே கோடாக இழுத்து அடித்தார்.

“ஸ்பூனாவது குடுத்தியா? இல்ல அதுவும் கற்பனையா?”

“குடுத்தேன்.”

“எத்தனை?”

“நிறைய.”

“நிறையன்னு ஒரு எண் கிடையாது.” சொல்லிக்கொண்டே அவள் இடது கையைப் பார்த்தார். அதை அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள். “அதைக் காட்டு.”

“சும்மா கிறுக்கினேன்ப்பா.”

மணிக்கட்டைப் பிடித்து முழுக்கைச் சட்டையை மேலே தள்ளினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நீலப் பேனாவில் கோடுகள். நாலு கோடு நின்று, ஐந்தாவது குறுக்கே படுத்து, கட்டுக் கட்டாக. பிள்ளை மடியில் இருக்கும்போது நோட்டு எட்டவில்லை, கை எட்டியிருக்கிறது. பாய்லர்க்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, உதட்டுக்குள் எண்ணினார்.

“இந்த வட்டம் என்ன?”

“வாந்தி.”

“ரெண்டு வட்டம் இருக்கு.”

“ரெண்டாவது என் மேலேயே. அதான் இந்தச் சட்டை.”

நாற்பத்தெட்டு. நோட்டில் ஸ்பூன் கட்டத்தில் இருந்த ‘குடுத்தேன்’ எல்லாவற்றையும் அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதினார். கையை மட்டும் விடவில்லை.

“அம்மாகிட்டச் சொல்லிடாதீங்கப்பா.”

“எதை? பொய் எழுதினதையா, இதையா?”

“ரெண்டையும்தான்.”

அவர் மறுபடி பேனாவைக் கோடுகளின் மேல் ஓட்டினார். முழங்கைக்குப் பக்கத்தில், நாற்பதுக்கு மேல் வருகிற ஒரு கட்டில், பேனா முனை நின்றது. அங்கே இரண்டு கோடு மட்டும் கரைந்து நீலமாகப் பரவியிருந்தது.

“இங்க என்ன, மை கலைஞ்சிருக்கு?”

“கரைசல் சிந்திடுச்சு.”

பாய்லர்க்காரர் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு தடவை பார்த்தார். மறுபடி குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

“சிந்தினா பிசுபிசுன்னு இருக்கும், நீளமா ஓடியிருக்கும்,” என்றார். “இது ஓடல. ரெண்டே சொட்டு, மேலேருந்து விழுந்திருக்கு.”